பபூன் எந்தக் கட்சி?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் பங்குனிப் பொங்கல் வந்தால் ஏதாவதொரு ஊரில் நாடகம் இருக்கும். அநேகமாக ‘வள்ளி திருமணம்’தான். இரவு பத்து மணிக்குமேல் ஆர்மோனியம் முழங்க, முதலில் வருபவர் முருகன் அல்ல, பபூன். கதைக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரேஷன் கடை, தண்ணீர் லாரி, மந்திரி என்று ஊர் நடப்பைப் பேசுவார். கரிசல் காட்டின் நடுராத்திரிச் செய்தி நையாண்டி, டிவி வருவதற்கு முன்பே இருந்தது.

“எலெக்‌ஷன் வந்தா கொழாயில தண்ணி வருது, போனா காத்து வருது” என்று அவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். கீழே இரண்டு கட்சிக் கரைவேட்டிகளும் சேர்ந்தே சிரிக்கும். ஒருவர் போன ஆட்சியை நினைத்து, இன்னொருவர் இந்த ஆட்சியை நினைத்து. பபூன் நம்ம ஆள் என்று இருவருமே வீட்டுக்குப் போவார்கள்.

அமெரிக்காவில் இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்டீபன் கோல்பேர் என்ற நகைச்சுவையாளர் வலதுசாரிச் செய்தியாளர் வேடம் கட்டி, இரவு பதினொன்றரைக்கு முகத்தில் சிரிப்பே இல்லாமல் பேசிவந்தார். அதில் ஒரு துண்டை 332 பேருக்குப் போட்டுக் காட்டிய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. இடதுசாரி, வலதுசாரி இரு தரப்புக்கும் அது வேடிக்கையாகவே இருந்தது. ஆனால் வலதுசாரிகள், அவர் கேலி செய்வதுபோல் நடிக்கிறார், மனசுக்குள் நம் கருத்துதான் என்று எடுத்துக்கொண்டார்கள்!

நக்கலின் பொறியமைப்பே அப்படி. அது பாதியைத்தான் சொல்லும். மீதியைக் கேட்பவர் போட்டு நிரப்ப வேண்டும். நிரப்பக் கையில் என்ன இருக்கிறது? ஏற்கெனவே நம்புவதுதான்.

நம் பக்கமும் அப்படி நிரப்பிக்கொண்டது உண்டு. 1977-இல் அருப்புக்கோட்டையில் ஜெயித்து முதல்வரானவர் எம்.ஜி.ஆர். அவர் ஆட்சியில், 1987-இல், ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். எம்.எல்.ஏ.வை ஜேப்படித் திருடனுக்கும் மந்திரியை முகமூடிக் கொள்ளைக்காரனுக்கும் ஒப்பிட்டது; யார் பெயரும் இல்லை. சட்டமன்றம் அந்தக் காலியிடத்தில் தன்னையே நிரப்பிக்கொண்டது. ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல்! மூன்றே நாளில் விடுவித்தார்கள். பிறகு உயர் நீதிமன்றம் கைது தவறென்று சொல்லி 1,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

அப்படியானால் சொல்பவரிடம் சாய்வே இல்லையா? உண்டு. அது சொன்ன ஜோக்கில் இருப்பதைவிடச் சொல்லாத ஜோக்கில் அதிகம். தமிழ்நாட்டில் கட்சிக்கொரு டிவி. எந்தச் சேனலில் யாரைக் கிண்டல் செய்வார்கள் என்பதைச் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். அங்கே எதிர்க்கட்சிக்காரர் எதிரே உட்கார்ந்திருப்பதில்லை. பபூனுக்கு அந்தச் சொகுசு கிடையாது. எல்லாக் கட்சிக்காரரும் ஊர்வரி கொடுத்துப் போட்ட மேடை அது, விடியும்வரை அங்கேதான் நிற்க வேண்டும். அதனால் குத்தலைப் பொதுவில் வீசுவார். அவரையும் நான் முழு நடுநிலைக்காரர் என்று சொல்ல மாட்டேன். மந்திரியைக் கிழிப்பவர், நாடகம் நடக்கும் ஊரின் பெரிய சாதியைத் தொடுவாரா?

அடுத்த பங்குனியில் நாடகம் பார்க்கப் போனால், பபூன் எதையெல்லாம் தொடாமல் போகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.