வாங்கறதா, விக்கறதா? – கான்டனீஸ் உச்சரிப்புக் குறிப்புகள்

ஹாங்காங்ல மட்டுமில்ல, மலேசியாவுல கோலாலம்பூர், ஈப்போ கடைத்தெருக்கள்லயும் சீனர்கள் பரவலா பேசறது கான்டனீஸ். அங்க வேலைக்குப் போற தமிழருக்கு முதல்ல தலைவலி கொடுக்கறது சுருதி. "மாய்"ங்கற சொல் கீழிருந்து லேசா ஏறினா 'வாங்கு'. கீழேயே சமமா நின்னா 'வில்'. பேரம் பேசற இடத்துல இது சின்ன வித்தியாசம் இல்லை.

ஹாங்காங் மொழியியல் சங்கம் 1993-ல் உருவாக்கிய ஜ்யூட்பிங் முறை, ஆறு சுருதிகளுக்கு ஆறு எண் கொடுக்கிறது. 1 உச்சியில் சமம், 2 கீழிருந்து உச்சிக்கு ஏறும், 3 நடுவில் சமம், 4 அடிக்கு இறங்கும், 5 கீழிருந்து நடு வரை ஏறும், 6 கீழே சமம். என் நோட்டுல தமிழெழுத்தோட இந்த எண்ணைச் சேர்த்துக்கறேன்.

சொற்பட்டியலை மனப்பாடம் பண்ணா இது ஏறாது. பட்டியல் வாசிக்கும்போது நாம ஒவ்வொரு சொல்லையும் ஒரே ராகத்துல இழுப்போம். அந்த ராகம் சுருதியை அழிச்சிடும். அதனால வாக்கியமா படிக்கணும்:

ஙோ5 மாய்5 லௌ2 – நான் ஃபிளாட் வாங்கறேன்.
ஙோ5 மாய்6 லௌ2 – நான் ஃபிளாட் விக்கறேன்.

முன்னும் பின்னும் மாறாததால், நடுவுல இருக்கற வித்தியாசம் மட்டும் காதுல விழும். 'ஙோ' வரலையா? "அங்ஙனம்" சொல்லி, 'அங்'கை வெட்டுங்க. மிச்சம் வர்ற 'ங'தான் அது.

அடுத்தது நமக்கு ரொம்ப நெருக்கமான கேள்வி:

ஸிக்6 ட்ஸோ2 ஃபான்6 மெய்6 ஆ3? – சாப்டாச்சா?

ஸிக் 'சாப்பிடு', ட்ஸோ 'ஆச்சு', ஃபான் 'சோறு', மெய் 'இன்னும் இல்லையா', ஆ பேச்சை மென்மையாக்கும் விகுதி. நம்மூர் மாதிரியே இதுவும் நலம் விசாரிப்புதான். ஆனா கேள்வின்னதும் தமிழ் நாக்கு கடைசியில குரலை ஏத்தும். 'மெய்6' ஏறி 'மெய்5' ஆனா அர்த்தம் 'வால்'! கேள்வியைச் சொற்களே சுமக்குது, குரல் சுமக்க வேண்டாம்.

இன்னொரு பழக்கம் உகரம். 'கப்'பை 'கப்பு'ன்னும் 'பேங்க்'கை 'பேங்க்கு'ன்னும் சொல்ற நாம 'ஸிக்கு'ன்னு முடிப்போம். கான்டனீஸ்ல கடைசி க், ட், ப் வெடிக்காது. வாய் மூடி நின்னுடும், அவ்வளவுதான்.

இந்த முடிவொலிகளுக்கு நம்ம பக்கத்துலயும் ஒரு தொடர்பு உண்டு. திருமழிசையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடிச்சா போய்ச் சேரற காஞ்சிபுரத்திலிருந்துதான் போதிதர்மர் கடல்வழியா குவாங்சோ போனார்ங்கறது மரபு. அவர் பெயரின் 'தர்ம' பகுதி மாண்டரின்ல 'தாமோ'. கான்டனீஸ்ல 'தாட்6 மோ1'. புத்தர் மாண்டரின்ல 'ஃபோ', கான்டனீஸ்ல 'ஃபட்6'. ஸ்தூபி அங்கே 'தா', இங்கே 'தாப்3'. பழைய சீனத்தின் முடிவொலிகளை மாண்டரின் விட்டுடுச்சு, கான்டனீஸ் வெச்சிருக்கு. அதனால 'புத்', 'தூப' ரெண்டும் நம்ம காதுக்கு இன்னும் கேக்குது.

ஓட்டல் மெனுவுல பாக்கற டிம்சம், வோன்டன், மார்க்கெட்ல வர்ற பாக்சோய் எல்லாம் கான்டனீஸ் வழி வந்ததுதான். டிம்2 சம்1-ஐ 'ஸிக்6'குப் பின்னாடி போட்டா அடுத்த வாக்கியம் ரெடி: ஙோ5 ஸிக்6 டிம்2 சம்1. ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம், அதுல ஒரே ஒரு சொல்லை மட்டும் மாத்திப் பாருங்க.