மூன்று மீற்றர் கூடத்தில் சம்பூரின் பெயர்

யாழ்ப்பாண சர்வதேச வர்த்தகக் கண்காட்சி 2010 இல் தொடங்கியது. முற்றவெளியில் அந்த நெரிசலுக்குள் நடந்தவர்களுக்குத் தெரியும்: ஒலிபெருக்கி, மோட்டார் சைக்கிள், வங்கிக் கடன், வெளிநாட்டுப் படிப்பு, ஐஸ்கிரீம். இதுபோன்ற இடங்களில் பனை ஓலைப் பொருட்களோடு அமர்ந்திருக்கும் பெண்களின் கூடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பொருளின் தரம் இதற்குக் காரணமல்ல. கண்காட்சிகளில் வழக்கமாகக் கிடைப்பது மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர் கூடம். மூன்று வெள்ளைச் சுவர்கள், மேலே பெயர்ப்பலகை, ஒரு மேசை, இரண்டு கதிரைகள். அதற்குள் கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, கருவாடு, மிளகாய்த்தூள் என எல்லாவற்றையும் அடுக்கிவிடுகிறோம். பின்சுவரில் உதவி வழங்கிய நிறுவனத்தின் பதாகை. செய்தவரின் ஊரைவிடக் காசு தந்தவரின் சின்னம் பெரிதாக இருப்பது எனக்கு எப்போதும் எரிச்சல் தரும்.

சம்பூரில் ஓலை பின்னும் பெண்களிடம் நான் சொல்வது இதுதான். முன்னுக்கு ஒரே ஒரு பொருளை வையுங்கள். நீத்துப்பெட்டி என்றால் நீத்துப்பெட்டி. பானையின் மேல் வைத்து, ஆவி பறக்கப் புட்டு அவித்துக் காட்டினால் இன்னும் நல்லது. மணத்தை எந்தப் பதாகையாலும் மறைக்க முடியாது. மற்றவை பக்கச் சுவரில், கண்மட்டத்தில் தொங்கட்டும். வாசலை அடைக்கும் மேசையை ஓரமாக நகர்த்துங்கள். ஆட்கள் உள்ளே வரவேண்டும். வெள்ளைச் சுவரை ஓலைப்பாயால் மூடி, மஞ்சள் வெளிச்சம் தரும் மின்குமிழ் ஒன்றைப் பொருளின் மேல் சரித்துப் பிடியுங்கள். ஓர் அங்குல எழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்து வசதியாக வாசிக்கலாம் என்பது விளம்பரப் பலகைக் கணக்கு. நாற்பதடிக்கு அப்பால் நிற்பவருக்கு நான்கு அங்குலம் வேண்டும். அந்த அளவில் இரண்டே சொற்கள் போதும்: சம்பூர் பனைவேலை.

“நாங்கள் இடம்பெயர்ந்த கதையையும் எழுதி ஒட்டுவமா தம்பி?” என்று ஓர் அக்கா கேட்டார்.

இலகுவான கேள்வியல்ல. 2006 ஏப்ரலில் ஊரைவிட்டு ஓடியவர்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். 2015, 2016 இல்தான் காணிகள் திரும்பின. வெளியில் உள்ளவர்களுக்குச் சம்பூர் என்றால் போர், 2016 இல் கைவிடப்பட்ட அனல்மின் நிலையம், இப்போது சூரிய மின்சக்தித் திட்டம். அங்கே கை வேலையும் உண்டு என்பது செய்தியில் வருவதில்லை.

இடிந்த வீட்டுப் படங்களைச் சுவரில் மாட்ட வேண்டாம் என்றேன். இரக்கப்படுபவர் ஒருமுறை வாங்குவார். பெட்டி நன்றாக உழைத்தால்தான் மறுபடி கேட்பார். ஆனால் மறைக்கவும் தேவையில்லை. பொருளில் கட்டும் சிறு அட்டையில் ஒரு வரி: “மீளக் குடியேறிய சம்பூரில் பின்னியது.” மேலும் அறிய விரும்புபவர் கேட்பார்; சொல்வதா இல்லையா என்பதை அந்த அக்காவே தீர்மானிக்கட்டும்.

அட்டையின் மறுபக்கத்தில் தொலைபேசி இலக்கம் கட்டாயம். கண்காட்சி முடிந்தபின் வரும் அழைப்புகளை எழுத ஒரு கொப்பியும்.