பட்டனுக்குப் பெயர் மட்டும் போதும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் இருக்கிறது கிளியனூர். அங்கே ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வருகிறவர்கள் கேட்பது திரும்பத் திரும்ப நாலே வேலைதான்: பட்டா சிட்டா, வில்லங்கச் சான்று, வருமானச் சான்று, கரண்ட் பில். ஒவ்வொரு தடவையும் பிரவுசரைத் திறந்து தளத்தைத் தேடுவதற்குப் பதில், நாலு பட்டனோடு ஒரு விண்டோ திரையில் தயாராக நின்றால் வசதிதானே? டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நாமே செய்துவிடலாம்.

பைத்தான் போதும். 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்திலிருந்து பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. ஆகவே தெரிந்த பிள்ளை ஒன்று தெருவிலேயே கிடைக்கும். ஆனால் பட்டன் வைத்த விண்டோ அந்தப் பாடத்தில் வருவதில்லை. அதற்கு டிகிண்டர் என்ற தொகுப்பு உண்டு. விண்டோஸில் பைத்தானைப் போடும்போது அதுவும் சேர்ந்தே வந்துவிடும். அதற்கு அடியில் வேலை செய்வது டிகே. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் அவுஸ்டர்ஹவுட் எழுதி 1991இல் வெளியிட்டது. பார்க்க கொஞ்சம் பழைய காலத்துச் சாயல்தான். கரண்ட் பில் கட்ட வந்தவருக்கு அழகா முக்கியம்?

முதலில் ஒரு விண்டோ. அடுத்து, இன்ன விண்டோவில் இருக்க வேண்டும், இன்ன எழுத்து தெரிய வேண்டும் என்று சொல்லி ஒரு பட்டன். இதோடு ஓட்டிப் பார்த்தால் விண்டோ காலியாகவே இருக்கும்; பிழை என்றும் எதுவும் வராது. பட்டனை உண்டாக்குவது வேறு, அதற்கு இடம் ஒதுக்குவது வேறு. 'பேக்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால்தான் பட்டன்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து உட்காரும்.

இனி, எல்லோரும் தவறாமல் தடுக்கி விழுகிற இடம். பட்டனை அழுத்தினால் நடக்க வேண்டியதை ஒரு ஃபங்ஷனாக எழுதுகிறோம். பெயர் 'பட்டா_திற' என்றே இருக்கட்டும். பைத்தான் 3 தமிழ்ப் பெயரை ஏற்கும். பட்டனின் 'கமாண்ட்' என்ற இடத்தில் இந்தப் பெயரைக் கொடுக்க வேண்டும். கை பழக்கத்தில் பெயருக்குப் பின்னால் இரண்டு அடைப்புக்குறியையும் போட்டுவிடுவோம். புரோகிராமை ஓட்டியதும், யாரும் எதையும் தொடாமலே பட்டா தளம் திறந்துகொள்கிறது. பிறகு பட்டனை எத்தனை அழுத்து அழுத்தினாலும் அது கல்லுப்பிள்ளையாராகவே இருக்கிறது.

கழனி மோட்டார் பழுதானால் கூப்பிட மெக்கானிக்கின் நம்பரைச் சுவரில் எழுதி வைக்கிறோம். எழுதும்போதே அவருக்குப் போன் போட்டுவிட்டால், நன்றாக ஓடுகிற மோட்டாரைப் பார்க்க அவர் வந்து நிற்பார். அடைப்புக்குறி போடுவது போன் போடுவது; வெறும் பெயர் என்பது சுவரில் எழுதிய நம்பர். அடைப்புக்குறி போட்டால் வேலை அந்த நொடியே நடந்து முடிகிறது. அது திருப்பித் தந்த 'ஒன்றுமில்லை' என்ற மதிப்புதான் பட்டனிடம் போய்ச் சேர்கிறது.

பாடத்தில் படித்த புரோகிராம்கள் மேலிருந்து கீழாக ஓடும். பயனரிடம் பெயரைக் கேட்கும் வரி வந்தால் அங்கேயே காத்து நிற்கும். அதனால் பட்டனும் தன் வரியில் காத்திருக்கும் என்று நம்பிவிடுகிறோம். பட்டன் வரி கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். விண்டோ, நாலு பட்டன், நாலு பெயர் எல்லாம் வெறும் ஏற்பாடு. கடைசியில் எழுதும் 'மெயின்லூப்' என்ற வரியில்தான் புரோகிராம் நிற்கிறது. நாள் முழுக்க அங்கேயே சுற்றிச் சுற்றி வந்து, மவுஸ் எங்கே அழுத்தியது, எந்தக் கீ தட்டப்பட்டது என்று பார்த்து, உரிய பெயரைக் கூப்பிடுகிறது. அந்த வரியை விட்டுவிட்டால் ஏற்பாடு முடிந்த கையோடு புரோகிராமும் முடியும். விண்டோ நம் கண்ணில்கூடப் படாது.

இது புரிந்துவிட்டால் இன்னொரு மர்மமும் விலகும். நாலு பட்டனையும் ஒரே 'ஃபார்' லூப்பில், லாம்டா என்ற பெயரில்லாத சின்ன ஃபங்ஷன் போட்டுச் செய்கிற கெட்டிக்காரர்கள் உண்டு. ஓட்டிப் பார்த்தால் எந்தப் பட்டனைத் தட்டினாலும் கரண்ட் பில்லே திறக்கும். லாம்டா தளத்தின் முகவரியைப் பார்ப்பது அழுத்தும்போதுதான். அதற்குள் லூப் முடிந்து, மாறியில் கடைசி முகவரி மட்டும் மிஞ்சியிருக்கும். லாம்டாவுக்கு இயல்பு மதிப்பாக முகவரியை அங்கேயே கொடுத்துவிட்டால் சரியாகும்.

மெயின்லூப் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால், அது திரும்பி வரும்வரை வேறெதையும் கவனிக்காது. தளத்தைத் திறப்பது பிரவுசரிடம் தள்ளிவிடுகிற வேலை, சட்டென்று முடியும். பெரிய ஃபைலைப் படிப்பது மாதிரி நேரமெடுக்கும் வேலை என்றால் விண்டோ உறைந்து, மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வரும். அவசரப்பட்டு மூடாமல் கொஞ்சம் பொறுத்தால் பெரும்பாலும் தானே மீளும்.

கடைசியாக, பட்டன் மேல் தமிழ். பட்டனின் அகலத்தை டிகே அளப்பது 0 என்ற இலக்கத்தின் அகலத்தை வைத்து. 'வில்லங்கச் சான்று' என்பதை இடைவெளியோடு எண்ணி 10 என்று கொடுத்தால் வால் வெட்டுப்படலாம், நம் எழுத்துகள் அகலமானவை. அகலமே சொல்லாமல் விடுங்கள், பட்டன் தானே எழுத்துக்கு ஏற்ப விரியும். லினக்ஸில் இன்னொரு தொல்லை: டிகே 8.6 அங்கே தமிழின் கொம்புகளை இடம் மாற்றி அடுக்காது, 'கெ' என்பதில் கொம்பு பின்னால் போய் நிற்கும். கிளியனூர் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்குகிறது. சென்டரில் லினக்ஸ் இருந்தால் ஆச்சரியமில்லை. அப்படியானால் டிகிண்டரை விட்டு ஜிடிகே என்ற இன்னொரு தொகுப்புக்குப் போய்விடுங்கள். அங்கே கொம்பு சரியான இடத்தில் இருக்கும். 'கமாண்ட்' என்பதற்குப் பதிலாக 'கனெக்ட்' என்று எழுத வேண்டும். அங்கேயும் ஃபங்ஷனின் பெயர் மட்டும்தான், அடைப்புக்குறி கூடாது.