ஆடிய உடம்புக்கு ஆயுள் கெட்டியா?

விளையாட்டு வீரர் யாராவது மைதானத்தில் சுருண்டு விழுந்ததாகச் செய்தி வந்தால் போதும். "ஓடுறவனே போயிட்டான், நமக்கெதுக்கு டாக்டர்" என்று நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு நாலு பேராவது என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்கு ரத்தச் சர்க்கரை 280இல் நிற்கிறது.

ஓடினால் ஆயுள் குறையுமா?

இதயத்துக்கு இத்தனை துடிப்பு என்று கணக்கு உண்டாம். ஓடினால் சீக்கிரம் தீர்ந்துவிடுமாம்! நீண்ட தூரம் ஓடிப் பழகியவரின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 40, 50 முறைதான் துடிக்கும். உட்கார்ந்தே இருப்பவருக்கு 75, 80. அந்தக் கணக்குப்படியே பார்த்தாலும் லாபம் யாருக்கு?

ஒலிம்பிக் பதக்கம் வென்ற 15,174 பேரை அவரவர் நாட்டுப் பொதுமக்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வெளியானது. பதக்கக்காரர்கள் சராசரியாக 2.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். தங்கமோ வெண்கலமோ, வித்தியாசமில்லை. 1947 முதல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் சைக்கிள் மிதித்த பிரெஞ்சு வீரர்களிடம், அந்நாட்டுப் பொதுமக்களைவிட இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. பிறவியிலேயே திடமான உடம்பு, புகைக்காத பழக்கம் ஆகியவற்றுக்கும் இதில் பங்கிருக்கலாம். எல்லா ஆட்டமும் ஒன்றல்ல என்பதும் உண்மை. தலையில் அடிபட்டுக்கொண்டே இருக்கும் அமெரிக்கக் கால்பந்து வீரர்களிடம் மூளை நரம்புச் சிதைவு நோய்களால் வரும் மரணம் பல மடங்கு அதிகம்.

பழைய கோப்பை, புதுத் தொந்தி

"காலேஜ்ல கபடி ஆடின உடம்பு சார், கேஸ்தான்" என்றார் ஒருவர். இரவு முழுக்க நெஞ்சில் பாரம். சோடா, ஓமத் தண்ணீர், கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை எல்லாம் முடித்து மறுநாள் மதியம் வந்தார். அதற்குள் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. ஹார்வர்டில் படித்தவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது இதுதான்: கல்லூரியில் ஆடிவிட்டுப் பிறகு சும்மா இருந்தவர்களுக்கு இதயப் பாதுகாப்பு நிலைக்கவில்லை. பிற்காலத்திலும் உடலை அசைத்தவர்களுக்கே அது கிடைத்தது.

ஊசி யார் போட்டது?

தசை ஏற ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு வரும் பையன்களைக் கேட்டால், ஜிம் மாஸ்டர் போட்டாராம். ஸ்டீராய்டு நல்ல கொழுப்பைக் குறைக்கும், இதயத் தசையைத் தடிக்க வைக்கும், விரையைச் சுருக்கும். மாஸ்டர் எந்தக் கல்லூரியில் மருத்துவம் படித்தார் என்று கேட்டால் பையன்கள் சிரிக்கிறார்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்



நீங்கள் பதக்கம் வாங்க வேண்டாம். தினம் அரை மணி நேரம் வேர்க்க நடங்கள். சிகரெட்டை இன்றே விடுங்கள். மாடி ஏறும்போது நெஞ்சு இறுகினாலோ, குடும்பத்தில் யாரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ, ஜிம்முக்கு முன் மருத்துவரிடம் வாருங்கள். ஈசிஜி, எக்கோ, தேவைப்பட்டால் டிரெட்மில் எடுத்துப் பார்க்கலாம். நெஞ்சில் பாரம், வியர்வை, இடது கையில் வலி என்றால் சோடாவைத் தேடாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.