வெளியேறாத தோட்டா உறை



கருவி ஒன்று திடீரென நின்றுவிட்டால் அதைத் தட்டிப் பார்ப்பதும் குலுக்கிப் பார்ப்பதும் நம் இயல்பு. அக்கருவி கடிகாரமாயின் பெருந்தீங்கு ஒன்றும் விளைவதில்லை. துப்பாக்கியாயின் ஓர் உயிரே போய்விடக்கூடும்.

பல ஆண்டுகளுக்கு முன்பு நான் தேசிய மாணவர் படையின் பொறுப்பாசிரியனாக இருந்தேன். ஒரு முகாமில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் .22 ரைஃபிளால் சுட்டான். சுட்டபின் தாழை இழுத்தான். வெற்று உறை வெளியே வரவில்லை. உடனே துப்பாக்கியுடன் எழுந்து, “ஐயா, தோட்டா சிக்கிக்கொண்டது” என்று சொல்லியவாறே என் பக்கம் திரும்பினான். அக்கணத்தில் குழலின் வாய், வரிசையாகப் படுத்திருந்த மாணவர்கள் அனைவரையும் ஒரு முறை தடவிச் சென்றது. அருகில் நின்ற ஹவில்தார் பாய்ந்து குழலைப் பற்றித் தரையை நோக்கி அழுத்தினார். உள்ளே இருந்தது வெற்று உறைதான், எவருக்கும் தீங்கில்லை. ஆயினும் அன்றிரவு நான் உறங்கவில்லை. பிழை மாணவனுடையது அன்று. சுடக் கற்பித்த நான், துப்பாக்கி நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கற்பிக்கவில்லை. அந்தப் பாடத்தையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ரைஃபிளில் வெற்று உறையை வெளியேற்றும் வேலையைச் சுடுபவரின் கை செய்கிறது. அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியில் அவ்வேலையை வெடிப்பின் விசையே செய்துவிடுகிறது. விசைவில்லை ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டு செல்லும். அடுத்த தோட்டா தானே அறைக்குள் வந்து அமரும். நம் நாட்டுப் படைகள் பயன்படுத்திவரும் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி, பிரௌனிங் என்னும் அமெரிக்க மேதை தொடங்கிவைத்து, அவர் 1926இல் மறைந்தபின் பெல்ஜியத்தில் 1935இல் நிறைவுபெற்ற அமைப்பைத் தழுவியது; வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலையில் செய்யப்படுவது.

அதன் உள்ளே நிகழ்வதை அறிய நம் பழைய கமலைக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மாடுகள் வடத்தை இழுக்க, நீர் நிறைந்த சால் மேலே வருகிறது; இது ஒரு வேலை. மேலே வந்த நீர் தொட்டியில் கொட்டுகிறது. இது மற்றொரு வேலை. பின்பு வெறுஞ்சால் கிணற்றுக்குள் திரும்புகிறது. நீர் வரவில்லை என்றால், சால் மேலேறவில்லையா, ஏறியும் கொட்டவில்லையா என்றுதான் உழவர் முதலில் பார்ப்பார். துப்பாக்கியிலும் இவ்வாறே இழுத்தல் வேறு, தள்ளுதல் வேறு.

தோட்டாவின் உறை பித்தளையால் ஆனது. ஏறத்தாழ எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்தது. வெடிக்கும்போது அது விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைத்துக்கொள்கிறது. குண்டு வெளியேறி அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கிச் சுவரை விடுகிறது. அதே வேளையில், குழலின் மேல் அமைந்த ஸ்லைடு என்னும் எஃகு மூடி பின்னோக்கி ஓடுகிறது. அதிலுள்ள எக்ஸ்ட்ராக்டர் என்னும் கொக்கி, உறையின் அடிப்பள்ளத்தைப் பற்றி இழுத்து வருகிறது. பின்னே வரும் உறையின் அடிப்பாகம், சட்டத்தில் நிலையாகப் பொருத்தப்பட்ட எஜெக்டர் என்னும் சிறு முனையில் மோதுகிறது. ஒரு பக்கம் கொக்கியும் மறுபக்கம் முனையும் பற்றவே, உறை சுழன்று பக்கத்துத் திறப்பின் வழியே வெளியே தெறிக்கிறது. பின்பு மீள்வில் ஸ்லைடை முன்னே தள்ள, அது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்துச் செல்கிறது. இவையெல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் நடந்து முடிகின்றன.

இனிப் பழுதுகளைக் காண்போம். சிக்கிய உறையே நமக்குச் சாட்சி. அது எங்கே நின்றது என்பதைப் பார்த்தால் எந்த வேலை தவறிற்று என்பது விளங்கும்.

உறை அறைக்குள்ளேயே தங்கிவிட்டதா? இழுத்தல் நடைபெறவில்லை. அறையில் கரியும் அழுக்கும் படிந்து உறையைப் பிடித்திருக்கலாம். கொக்கியின் முனை தேய்ந்திருக்கலாம். அதன் சிறு வில் தளர்ந்திருக்கலாம். கொக்கியின் அடியில் கரி அடைந்து அது உறையைப் பற்றவிடாமல் செய்திருக்கலாம். உறையின் விளிம்பு பிய்ந்திருந்தால், கொக்கி இழுத்தும் உறை நகரவில்லை என்று அறியலாம். சில வேளைகளில் அடுத்த தோட்டாவும் வந்து பின்னால் முட்டிக்கொள்ளும். பார்வைக்கு அது வேறு நோய்போலத் தோன்றினும் அதன் வேர் பெரும்பாலும் இதுவே.

உறை அறையை விட்டு வந்து, திறப்பின் வாயில் புகைபோக்கிபோல் நிமிர்ந்து நிற்கிறதா? இழுத்தல் நடந்தது, தள்ளுதல் குறைவாயிற்று. எஜெக்டர் முனை உடைந்திருக்கலாம். அது நன்றாக இருந்தும் ஸ்லைடு போதிய வேகத்தோடு முழுத் தொலைவும் பின்னே செல்லாமல் போயிருக்கலாம். தோட்டா வலுவற்றதாகவோ, மீள்வில் அளவுக்கு மீறிக் கடினமாகவோ, எண்ணெய் வற்றியோ இருந்தால் அவ்வாறு நேரும்.

சுடுபவரின் பிடி தளர்ந்திருந்தாலும் இதே விளைவுதான். கட்டப்படாத தோணியிலிருந்து கரைக்குத் தாவுபவரை ஜகதாப்பட்டினத்துக் கடற்கரையில் நீங்கள் கண்டிருக்கலாம். தோணி பின்னே நழுவ, அவர் கரையை எட்டாமல் நீரில் விழுகிறார். துப்பாக்கியின் சட்டத்தைக் கை உறுதியாகத் தாங்கினால்தான் ஸ்லைடு அதன்மேல் முழுத் தொலைவும் ஓடும். சட்டமும் சேர்ந்து பின்னே சென்றால் ஓட்டம் குறையும். நியூட்டனின் மூன்றாம் விதியைப் பாடநூலில் படிக்கும் நீங்கள் அதனை இங்கே நேரில் காணலாம்.

சிக்கல் ஏதும் இன்றி உறை வெளியேறும் நாளிலும் அது விழும் இடத்தைக் கவனித்தல் நன்று. காலடியிலேயே சோர்ந்து விழுந்தால் விசை போதவில்லை. வழக்கத்தைவிடத் தொலைவில் சென்று விழத் தொடங்கினால் மீள்வில் தளர்ந்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு திசையில் தெறித்தால் கொக்கியின் பிடியை ஐயுற வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்ற விதி. இங்கும் அதுவே வழி. முதலில் துடைத்துத் தூய்மை செய்க. பின்பு தோட்டாவை மாற்றுக. பின்பு மேகசினை மாற்றுக. பின்பு வேறொருவர் கையில் கொடுத்துப் பார்க்க. மேகசின்களுக்கு எண் இட்டு வைத்தால், ஒரே எண்ணில் பழுது திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றிவிட்டால் பழுது நீங்கலாம், காரணம் தெரியாது. காரணம் தெரியாத பழுது மீண்டும் வரும். வில்லையும் கொக்கியையும் மாற்றுவது பயிற்சி பெற்ற ஆயுதப் பழுதாளரின் வேலை, நம்முடையதன்று. உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறவாதீர்கள்.

ஆனால் இவை யாவற்றுக்கும் முன்னே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. துப்பாக்கி நின்றவுடன் எழாதே; திரும்பாதே. குழலின் வாய் இலக்கின் திசையிலேயே இருக்கட்டும். விரலை விசைவில்லிலிருந்து எடுத்துவிட்டு, மற்றொரு கையை உயர்த்திப் பொறுப்பாளரை அழைக்க வேண்டும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையானால் அரை நிமிடமேனும் அப்படியே காத்திருக்க வேண்டும். மருந்து தாமதித்துப் பற்றுவதும் உண்டு. ஓசை மெலிந்து கேட்டால் அடுத்த குண்டைச் சுடவே கூடாது. முன்னது குழலுக்குள்ளேயே நின்றிருந்தால் குழல் வெடித்துவிடும். பின்பு பொறுப்பாளரின் மேற்பார்வையில் முதலில் மேகசினைக் கழற்றி, அதன் பின்பே ஸ்லைடை இழுக்க வேண்டும். இந்த முறையை மாற்றிச் செய்தால், ஸ்லைடு திரும்பும்போது புதிய தோட்டா ஒன்றை அறைக்குள் ஏற்றிவிடும். காலியானது என்று நாம் நம்பும் துப்பாக்கி காலியாக இராது. இறுதியாக அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதித்தல் வேண்டும்.

இது மிகையான அச்சமன்று. நம் மாவட்டத்து நார்த்தாமலையை அடுத்த பசுமலைப்பட்டியில் 2021 டிசம்பர் 30ஆம் நாள் துப்பாக்கிச் சுடும் பயிற்சி நடைபெற்றபோது, பயிற்சித் தளத்துக்கு வெளியே வீட்டில் இருந்த ஒரு சிறுவன்மீது குண்டு பாய்ந்தது. சில நாட்களில் அவன் உயிர் நீத்தான். குழலை விட்டுச் சென்ற குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் உயிரைக் கொல்ல வல்லது. அதனைத் திரும்ப அழைக்க எவராலும் இயலாது.

துப்பாக்கி சுடுதல் இன்று மதிப்புமிக்க விளையாட்டு. 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் விஜய்குமார் 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் வெள்ளி வென்றார். அப்போட்டியில் நான்கே நொடிகளில் ஐந்து குண்டுகள் சுட வேண்டும்; உறை ஒன்று சிக்கினாலும் அத்தொடர் தடைப்படும். அந்நிலையிலும் வீரர் குழலை இலக்கின் பக்கமே வைத்துக் கையை உயர்த்துகிறார், திரும்புவதில்லை. 2023இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் டிராப் என்னும் பறக்கும் தட்டு சுடும் பிரிவில் தங்கம் வென்ற அணியில் நம் புதுக்கோட்டையின் பிருதிவிராஜ் தொண்டைமானும் இருந்தார். உங்களுள் சிலர் அவ்வழியில் செல்லக்கூடும்.

அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவனின் ரைஃபிளில் அன்று என்ன பழுது இருந்தது தெரியுமா? அறையில் படிந்த கரி, அவ்வளவே. துணியால் துடைத்தபின் அது மாலைவரை ஒரு முறையும் நிற்கவில்லை. மறுநாள் காலை நான் மாணவர்களுக்குச் சுடப் பயிற்சி அளிக்கவில்லை. துப்பாக்கி நின்றால் அசையாமல் கையை உயர்த்துவது எப்படி என்பதையே, தோட்டா இல்லாத துப்பாக்கிகளைக் கொண்டு, ஒரு மணி நேரம் பழக்கினேன்.