வேட்டையைப் பாதியில் நிறுத்தும் நாய்

‘புளூயி’ கார்ட்டூனை விழுந்து விழுந்து பார்க்கும் குழந்தைகள் நம் வீடுகளிலும் உண்டு. அதில் துள்ளித் திரியும் நீலக் குட்டி கற்பனைப் பிராணி அல்ல. ‘புளூ ஹீலர்’ என்றும் ‘ஆஸ்திரேலியன் கேட்டில் டாக்’ என்றும் பெயர் பெற்ற நாயினம் அது. மாட்டு மந்தை ஓட்டுவதற்கென்றே உருவாக்கப்பட்டது. 20 கிலோ சொச்சம் எடையுள்ள இந்த நாய், நாயைக் கண்டாலே கொம்பைத் தாழ்த்தும் அரை டன் மாட்டைக் காடு மேடெல்லாம் நகர்த்திக்கொண்டு போகிறது. இந்த வித்தையில் பாதி ரத்தத்தில் வருவது. மீதியை மனிதர்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். எந்தப் பாதி எது என்று தெரியாதவரிடம் இந்த நாய் வீணாகிப்போகிறது.

1820-களில் நியூ சவுத் வேல்ஸில் ஹால் குடும்பத்தினர் ஹன்டர் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் மாட்டுப் பண்ணைகளை அமைத்தார்கள். அங்கிருந்து வடக்கு நோக்கி அவர்களுடைய மேய்ச்சல் நிலம் விரிந்துகொண்டே போனது. ஆயிரக்கணக்கான மாடுகள், வேலி கிடையாது. விற்கவேண்டிய மாடுகளைப் புதர்க்காடும் மலையும் கடந்து சிட்னிச் சந்தைக்கு நடத்தியே கொண்டுபோக வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஸ்மித்ஃபீல்டு நாய்கள் இதற்குச் சரிப்படவில்லை. அவற்றின் அடர்ந்த ரோமம் அந்த ஊர் வெயிலுக்கு ஆகவில்லை. ஓயாத குரைப்பு பாதிக் காட்டுமாடாக வளர்ந்த மந்தையை மிரட்டிச் சிதறடித்தது.

தாமஸ் ஹால் தன் பெற்றோரின் பூர்விகமான நார்தம்பர்லாந்து பகுதியிலிருந்து மாட்டு நாய்களை வரவழைத்தார். தான் பழக்கி வளர்த்த டிங்கோக்களோடு அவற்றை இணைசேர்த்தார். டிங்கோ ஆஸ்திரேலியாவின் காட்டு நாய். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த வெக்கையிலேயே பிழைத்த இனம். அதிகம் குரைக்காது, அரவமில்லாமல் பின்னால் வரும். 1840 வாக்கில் ஹாலுக்கு வேண்டிய நாய் அமைந்துவிட்டது. ‘ஹால்ஸ் ஹீலர்’ என்று பெயரெடுத்த அந்த நாய்களை அவர் குடும்பம் லேசில் வெளியே விடவில்லை. 1870-இல் அவர் இறந்து பண்ணைகள் ஏலத்துக்கு வந்த பிறகே அவை நாடெங்கும் பரவின. பரம்பரைக் குணங்களின் விதிகளைக் காட்டிய மெண்டல் தன் பட்டாணிச் செடி ஆய்வை அச்சிட்டதே 1866-இல்தான். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பு பண்ணைக்காரர்கள் கையில் இருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று: வேலை செய்கிற நாய்க்குத்தான் வாரிசு.

அந்த வேலைக்குள் ஒளிந்திருப்பது ஓநாயின் வேட்டை. இரையைக் கண்டுகொள்வது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழித்துத் தின்பது என்று வேட்டை பல கண்ணிகள் கோத்த ஒரு தொடர். நாயினங்கள் இந்தத் தொடரில் எந்தக் கண்ணி தூக்கலாகவும் எது மங்கலாகவும் அமைந்தன என்பதைக் கொண்டே வேறுபடுகின்றன என்று விளக்கினார் அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர். ஆடு மேய்க்கும் பார்டர் கோலியிடம் உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் மிகையாக இருக்கும். ஹீலரிடம் துரத்துவதும் கவ்வுவதும் ஓங்கி நிற்கும். இரண்டிலுமே வேட்டை கொல்வதற்கு முன்பே நின்றுவிட வேண்டும்.

அந்தக் கவ்வலை அருகே நின்று பார்க்க வேண்டும். ஹீலர் மாட்டின் பின்னால் இடமும் வலமுமாக மாறி மாறி ஓடுகிறது. தேர்ந்த நாய், மாடு எந்தப் பின்னங்காலில் பாரத்தை ஊன்றுகிறதோ அதைத்தான் குறிவைக்கும். ஊன்றிய காலை உடனே தூக்கி உதைக்க மாட்டால் முடியாது. குளம்புக்குச் சற்று மேலே, தரையோடு தரையாக ஒரு கவ்வல். பிடித்துத் தொங்குவதில்லை, கவ்விய வேகத்திலேயே விட்டுவிட்டு, வயிறு மண்ணில் படத் தட்டையாகப் படுத்துவிடும். உதை தலைக்கு மேலே காற்றில் போகும். மாடு நாலு எட்டு முன்னே வைத்திருக்கும். தொடையையும் வாலையும் கடிக்கிற நாயைப் பண்ணைக்காரர்கள் விரும்புவதில்லை. மேலே கடித்தால் சதை கன்றிப்போய் இறைச்சியின் விலை இறங்கும். நாயின் தாடையும் உடையும்.

இந்த நாட்டம் உடலில் எங்கே பதிந்திருக்கிறது? அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 4,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தரவுகளை அலசி, 2022 டிசம்பரில் ‘செல்’ ஆய்விதழில் வெளியிட்டார்கள். மந்தை நாய்களில் தனித்துத் தெரிந்தவற்றுள் முக்கியமானவை, வளரும் நரம்பிழை எந்தத் திசையில் நீண்டு எதோடு இணைய வேண்டும் என்று வழிகாட்டும் மரபணுக்கள். மேய்க்கும் புத்திக்குத் தனி மரபணு ஒன்று இல்லை. மூளையின் இணைப்புகள் உருவாகும் விதத்திலேயே அதற்கான சாய்வு இருக்கிறது.

அதே ஆண்டு ஏப்ரலில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த இன்னொரு ஆய்வையும் சேர்த்தே படிக்க வேண்டும். 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் குணங்களை ஆராய்ந்த அந்தக் குழு, நாய்க்கு நாய் உள்ள குண வேறுபாட்டில் இனத்தைக் கொண்டு விளக்க முடிவது சுமார் 9 சதவீதம்தான் என்றது. மனிதரின் சொல்லுக்கு இசைந்து நடக்கும் இயல்பில் மட்டும் இனத்தின் பங்கு கூடுதலாகத் தெரிந்தது. இரண்டும் முரண் அல்ல என்பதே என் எண்ணம். இனம் என்பது வாய்ப்பைக் கூட்டும், உத்தரவாதம் தராது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்று மந்தையைக் கண்டதும் சிலிர்த்து எழும், இன்னொன்று வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பெற்றோரின் வேலையைப் பார்க்காமல் ரோமத்தின் நிறத்தைப் பார்த்து ஜோடி சேர்த்தால் இந்த இரண்டாவது ரகம்தான் பெருகும்.

நிறத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. ஹீலர் குட்டிகள் பெரும்பாலும் வெள்ளையாகப் பிறந்து, சில வாரங்களில் புள்ளி புள்ளியாக நிறம் ஏறுபவை. ரோமத்துக்கு நிறம் தரும் நிறமிச் செல்கள் உட்காதுக்கும் தேவை. அங்கே அவை இல்லாமல் போனால், ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் பிறந்த சில வாரங்களில் அழிந்து காது செவிடாகிவிடும். 2012-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 899 ஹீலர்களைச் சோதித்தபோது 10.8 சதவீத நாய்களுக்குப் பிறவிச் செவிட்டுத்தன்மை இருந்தது. பெரும்பாலானவற்றுக்கு ஒரு காது மட்டுமே கேட்கவில்லை. முகத்தின் இரு பக்கமும் கருமையோ செம்மையோ படர்ந்த நாய்களில் ஆபத்து குறைவு. ஒரு காது கேளாத நாய் வீட்டில் சௌகரியமாக வாழும். ஆனால் வேலையின்போது பழக்குநரின் சீழ்க்கை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அதற்குப் பிடிபடாது. குட்டி விற்கும் முன்பே மூளையின் மின்னலைகளைக் கொண்டு கேட்கும் திறனைச் சோதித்துவிடலாம்.

விழித்திரையைப் படிப்படியாக அழிக்கும் ஒரு நோயும் இந்த இனத்தில் உண்டு. அதற்குக் காரணமான மரபணுப் பிழை 2006-இல் பிடிபட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்தால் மட்டுமே நோய் தாக்கும். ஆகவே பிழையைச் சுமக்கும் நல்ல வேலைக்கார நாயை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. பிழையற்ற நாயோடு சேர்த்தால் போதும், ஒரு குட்டிக்கும் அந்தக் குருடு வராது.

இனிப் பழக்கம். மாட்டைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லை இருக்கிறது. அதன் விளிம்பை நாய் தொட்டால் மாடு விலகி நடக்கும். உள்ளே பாய்ந்தால் வெருண்டு ஓடும், அல்லது திரும்பி முட்டும். மாட்டின் முன்தோள்தான் துலாமுள். அதற்குப் பின்னால் நாய் நின்றால் மாடு முன்னே போகும். முன்னால் வந்தால் நிற்கும், திரும்பும். பழக்குநர் கற்றுத்தருவது பெரும்பாலும் இந்த விளிம்பை மதிக்கத்தான். வட்டமான சிறு பட்டியில் ஆடுகளையோ, நாய்க்குப் பழகிய சாதுவான கன்றுகளையோ விட்டு, நீளக் கயிற்றில் நாயைக் கொண்டுவருவார்கள். கன்றுடன் நிற்கும் தாய்ப்பசுவிடம் இளம் நாயை விடவே கூடாது. அவளுக்கு அது ஓநாய்தான். இடஞ்சுற்று, வலஞ்சுற்று, மெல்ல நெருங்கு, போதும் வா என்று கட்டளைகள் பல. எல்லாவற்றுக்கும் முந்தியது ‘நில்’. துரத்தச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அது ரத்தத்தில் இருக்கிறது. துரத்தல் உச்சத்தில் இருக்கும்போது ஒரு சொல்லுக்கு நிற்கப் பழகுவதுதான் மாதக் கணக்கில் ஆகும்.

இங்கே தின்பண்டம் எடுபடாது. நாய்க்குக் கூலி மந்தைதான். ஒழுங்காக நின்றால் மறுபடி மாட்டிடம் விடுவார்கள். கட்டளையை மீறினால் பட்டியிலிருந்து வெளியே அழைத்துப் போவார்கள். மாடு சொன்னபடி நகர்ந்த உடனே நாய் பின்வாங்கவும் வேண்டும். நகர்ந்த பிறகும் நெருக்கினால், நகர்ந்து பயனில்லை என்று மாடு கற்றுக்கொள்ளும். குறுகிய நடைவழியில் அடைபட்ட மாட்டை நாய் கடிக்க விடுவது கொடுமை, ஆபத்தும்கூட. ஓட வழியில்லாத மாடு உதைக்கத்தான் செய்யும்.

சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு மந்தை நாய்க்கு அதன் பணிக்காலம் முழுவதும் ஆகும் செலவு சுமார் 7,763 ஆஸ்திரேலிய டாலர். அது செய்து தரும் வேலையின் மதிப்பு சுமார் 40,000 டாலர். ஆனால் வேலைக்கென்று எடுக்கப்பட்ட நாய்களில் ஐந்தில் ஒன்று தேறவில்லை. எவை தேறின என்று ஆராய்ந்தபோது, நாயின் இனம், அதை எங்கே தங்கவைத்தார்கள் என்பனவற்றோடு உரிமையாளரின் குணமும் கணக்கில் வந்தது. பொறுப்பும் ஒழுங்கும் உள்ளவர்களிடம் நாய்கள் கூடுதலாகத் தேறின. மின்சாரம் பாய்ச்சும் கழுத்துப்பட்டையைப் பயன்படுத்தியவர்களிடம் தேறியவை குறைவு.

நம் நகரங்களிலும் பார்டர் கோலிக் குட்டிகள் விற்பனைக்கு வருகின்றன. கார்ட்டூனைப் பார்த்துவிட்டு ஹீலர் கேட்பவர்களும் வரலாம். மூன்றாம் மாடி வீட்டில் அடைபட்டால் அந்தத் துரத்தல் எங்கேயும் போய்விடாது. ஓடும் குழந்தையின் குதிகாலில், தெருவில் போகும் சைக்கிளில் அது வெளிப்படும். பிறகு ‘கடிநாய்’ என்று பெயர் சூட்டித் தெருவில் விடுவார்கள். தினம் இரண்டு மணி நேரமாவது ஓடவும் யோசிக்கவும் வேலை தர முடியாதவர்கள் தயவுசெய்து இந்த நாய்களை வாங்காதீர்கள். வாங்கியே தீருவது என்றால், குட்டியின் நிறத்தைக் கேட்கும் முன் தாயையும் தந்தையையும் நேரில் பாருங்கள், காதுச் சோதனைச் சான்றைக் கேளுங்கள், முதல் பாடமாக ‘நில்’ சொல்லிக்கொடுங்கள்.