தழும்பு முதிரும் காலம்

வயிற்றில் தளர்ந்து தொங்கும் தோலை அறுவையால் சீர்செய்தபின், மருத்துவர்கள் இடுப்பைச் சுற்றி இறுக்கமான மீள்துணிக் கச்சை ஒன்றை அணிவிப்பது வழக்கம். அழகிய வடிவம் பெறவே இது என்று பலர் எண்ணுவர், அன்று. தோலைத் தசையினின்று பிரித்து இழுத்துத் தைப்பதால் இடையே வெற்றிடம் உண்டாகிறது. அங்கே உடல்நீர் வந்து தேங்கலாம். கச்சை இரண்டையும் நெருங்கி நிற்கச் செய்கிறது, வீக்கமும் தணிகிறது. பெரும்பாலும் 6 வாரம் வரை அணிவர். மிக இறுக்கினால் மிகுந்த நன்மை என்பது தவறான எண்ணம். மடிப்பு விழுந்த துணியே தோலைப் புண்ணாக்கிவிடும்.

தையல் நீங்கிய அன்றே காயம் ஆறிவிட்டதென நம்புகிறோம். உண்மையில், உள்ளே கொலாஜன் நார்கள் பின்னப்படுவதும் திருத்தி அடுக்கப்படுவதும் ஓராண்டுக்கு மேலும் நடைபெறும். எவ்வளவு முதிர்ந்தாலும் தழும்பு பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு மேல் எட்டுவதில்லை. ஆதலால் முதற்சில வாரங்கள் பாரம் தூக்கலாகாது. கைக்குழந்தை உள்ள தாய்க்கு இதுவே எல்லாவற்றினும் கடினமான பத்தியம்!

காயவாய் முற்றும் மூடியபின் சிலிக்கோன் தகட்டை நாள்தோறும் பல மணி நேரம், சில மாதங்கள் ஒட்டி வைப்பர். தழும்பு மேடிடுவதை அது குறைக்கக்கூடும். கருநிறத் தோலினர்க்கு அவ்வாறு மேடிடும் இயல்பு மிகுதி. இளந்தழும்பில் வெயில் பட்டால் அது கறுத்துப்போகும். ஆகவே ஆடையால் மறைத்தல் நன்று.